டிகோடரில் நிகழ்ச்சியைப் பதிவு செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சந்தா கட்டாமல் டிவி பார்க்கும் பினாங்கு வீடுகளில் 2019-இல் அனலாக் ஒளிபரப்பு நின்றதிலிருந்து ஏரியல் வழியே வருவதெல்லாம் மைஃப்ரீவியூ டிஜிட்டல் அலைதான். அதைப் பிடிக்கும் டிகோடர்கள் பலவற்றில் ஒரு யூஎஸ்பி துளை இருக்கும். அதில் பென்டிரைவைச் செருகி, டிவி2-இல் வரும் தமிழ்ப் படத்தைப் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் மறுநாள் திறந்தால் பாதிப் படம்தான் இருக்கிறது, சில சமயம் அதுவும் இல்லை. பழி டிகோடர்மேல் விழும். காரணம் பெரும்பாலும் பென்டிரைவிலோ, கரண்டிலோ, கடிகாரத்திலோ இருக்கும்.

பெட்டி வாங்கும்போதே நடக்கும் தவறை முதலில் சொல்லிவிடலாம். மலேசியாவில் வேண்டியது டிவிபி-டி2 என்ற டிஜிட்டல் ஒளிபரப்பு முறைக்கான பெட்டி. வெறும் டிவிபி-டி என்று போட்ட பழைய பெட்டி இந்த அலையைப் படிக்காது. இந்தியாவிலிருந்து கொண்டுவந்த டிஷ் பெட்டி செயற்கைக்கோளுக்கானது, அதுவும் உதவாது. அட்டையில் ‘பிவிஆர்’ (பதிவு செய்யும் வசதி) என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். சில பெட்டிகளில் யூஎஸ்பி துளை இருந்தும் படமும் பாட்டும் போட மட்டுமே அது பயன்படும், பதிவாகாது.

அடுத்தது பென்டிரைவ். இடக் கணக்கு எளிது: ஒளிபரப்பின் வேகத்தை மெகாபிட்டில் எடுத்து 0.45-ஆல் பெருக்கினால் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை ஜிபி என்று தெரியும். வினாடிக்கு 6 மெகாபிட் வரும் எச்டி சேனல் என்றால் மணிக்கு 2.7 ஜிபி. மூன்று மணி நேரப் படத்துக்கு 8 ஜிபிக்குச் சற்று மேல் போகும். 32 ஜிபி பென்டிரைவில் மூன்று படம் தாராளமாக அடங்கும்.

இந்த வேகம் வினாடிக்கு ஒரு மெகாபைட்கூட இல்லை. அப்படியிருந்தும் மலிவான பென்டிரைவில் பதிவு ஏன் விட்டுவிட்டு வருகிறது? அது பழைய தரவை அழித்து இடம் ஒதுக்க அவ்வப்போது ஓரிரு வினாடி நின்றுவிடும். டிகோடரின் நினைவகம் சிறியது, அவ்வளவு நேரம் தாங்காது. அந்த இடத்தில் படம் துள்ளும். நேரலையை நிறுத்தி வைத்துப் பிறகு தொடர்ந்து பார்க்க உதவும் டைம்ஷிஃப்ட் வசதியை எப்போதும் ஓடவிட்டால் நிலைமை இன்னும் மோசம்: ஒரே பென்டிரைவில் இடைவிடாமல் எழுதுவதும் படிப்பதும் சேர்ந்து நடக்கும், பென்டிரைவும் சீக்கிரம் தேயும். வேண்டாத நேரத்தில் அதை மெனுவில் அணைத்துவிடுங்கள். இருபது ரிங்கிட்டுக்கு 2 டிபி என்று ஆன்லைனில் விற்பதைத் தொடவே வேண்டாம். அவற்றில் உண்மையான இடம் மிகக் குறைவு. அது நிறைந்ததும் புதிய பதிவு பழையதை மேவி எழுதும், இரண்டுமே கெடும்.

ஃபார்மட்டிலும், அதாவது பென்டிரைவில் கோப்புகளை அடுக்கும் முறையிலும், ஒரு பொறி இருக்கிறது. ஃபேட்32 முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. 6 மெகாபிட் சேனலில் ஏறத்தாழ 95 நிமிடத்தில் அந்த எல்லை வந்துவிடும். நல்ல பெட்டி அங்கே கோப்பை இரண்டாகப் பிரித்துத் தொடரும், மட்டமான பெட்டி பதிவையே நிறுத்திவிடும். படம் ஒன்றரை மணி நேரத்தைச் சற்றுத் தாண்டியதும் அறுந்திருந்தால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்றினால் எல்லை போய்விடும், ஆனால் சில டிகோடர்கள் என்டிஎஃப்எஸ்-ஐப் படிக்கும், எழுதாது. எக்ஸ்ஃபேட் என்ற இன்னொரு முறையை அடையாளமே காணாத பெட்டிகளும் உண்டு. ஆகவே கணினியில் ஃபார்மட் செய்யாமல் டிகோடரின் மெனுவிலேயே செய்யுங்கள். உள்ளே இருப்பது எல்லாம் அழியும் என்பதால் குடும்பப் படங்கள் உள்ள பென்டிரைவை அதில் செருகாதீர்கள்.

பென்டிரைவுக்குப் பதில் ஹார்ட் டிஸ்க் வைத்தால் இடம் தாராளம், மின்சாரம்தான் போதாது. யூஎஸ்பி 2.0 துளை தரக்கூடியது 500 மில்லி ஆம்பியர். சிறிய போர்ட்டபிள் டிஸ்க் சுழலத் தொடங்கும்போது அதைவிட அதிகம் இழுக்கும். ‘டிக் டிக்’ என்ற சத்தம், பதிவு தொடங்கியதும் பெட்டி தானே ரீஸ்டார்ட் ஆவது, இரண்டும் இதன் அடையாளம். தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப் வழியாக இணைத்தால் தீரும்.

இனி டைமர். நம் வீடுகளில் தூங்கப் போகுமுன் சுவரில் உள்ள சுவிட்சை அணைப்பது பழக்கம். கரண்டு இல்லாத பெட்டியை எந்த டைமரும் எழுப்பாது. ரிமோட்டால் ஸ்டாண்ட்பை நிலைக்குக் கொண்டுபோய்ச் சுவர் சுவிட்சை அப்படியே விட வேண்டும். பல மலிவான பெட்டிகளில் கடிகாரத்துக்குத் தனி பேட்டரி கிடையாது. கரண்டு போய் வந்தால், பெட்டி மறுபடி உயிர்பெற்று ஒளிபரப்பிலிருந்து நேரத்தை எடுக்கும்வரை அதற்கு மணி தெரியாது. டிவி கையேட்டில், அதாவது திரையில் வரும் நிகழ்ச்சிப் பட்டியலில், நேரங்கள் முழு மணிக்கணக்கில் தள்ளிக் காட்டினால் நேர மண்டலம் தவறாக இருக்கிறது. ஜிஎம்டி +8 என்று மாற்றுங்கள்.

டைமர் திரையில் ‘பார்’, ‘பதிவு செய்’ என இரண்டு வகை இருக்கும். முதலாவதே இயல்பாகத் தேர்வாகியிருக்கும் பெட்டிகளில், சொன்ன நேரத்துக்குச் சேனல் மாறும், பதிவாகாது. தினமும் தமிழ்ச் செய்தியைப் பதிவு செய்யச் சொல்லி வைத்தவர்கள் பழையதை அவ்வப்போது அழிக்கவும் வேண்டும். பெரும்பாலான பெட்டிகள் தாமாக அழிப்பதில்லை, டிஸ்க் நிறைந்ததும் பதிவு நின்றுவிடும். கையேட்டின் நேரத்தை அப்படியே நம்பாமல் முன்னால் 5 நிமிடம், பின்னால் 15 நிமிடம் கூட்டுங்கள். நேரலைக்குப் பின் வரும் நிகழ்ச்சி என்றால் அரை மணி நேரம் கூட்டினாலும் மிகையில்லை.

அலையைப் பிடிக்கும் ட்யூனர் ஒன்றே ஒன்று உள்ள பெட்டியில் ஒன்றைப் பதிவு செய்துகொண்டே வேறொன்றைப் பார்க்க முடியுமா? இரண்டு சேனலும் ஒரே அதிர்வெண்ணில் (ஃப்ரீக்வென்சி) வந்தால் பல பெட்டிகள் விடும். இல்லையென்றால் சேனல் மாறாது, அல்லது பதிவை நிறுத்தவா என்று கேட்கும். அந்த நேரம் ரிமோட் பிள்ளைகள் கையில் இருந்தால் முடிவு தெரிந்ததே.

சிக்னலைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு: மழை பெய்தால் படம் போகும் என்பது. அது டிஷ்ஷுக்குப் பொருந்தும். 470 முதல் 694 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள யூஎச்எஃப் அலையை மழை பெரிதாகப் பாதிக்காது. மழையில் மட்டும் கட்டம் கட்டமாக உடைந்தால் வெளியே உள்ள கேபிள் இணைப்பில் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று பொருள். அந்த எஃப் கனெக்டரை வெட்டிப் புதிதாகப் போட்டு, நீர்புகா டேப் சுற்றுங்கள். கேபிள் 75 ஓம் ஆர்ஜி6 ஆக இருக்கட்டும்.

அலையைப் பெருக்கும் பூஸ்டரையும் கண்ணை மூடிக்கொண்டு மாட்டக் கூடாது. ஒளிபரப்புக் கோபுரம் உள்ள குனோங் ஜெராய் மலை தடையில்லாமல் தெரியும் உயர்மாடி வீட்டில் பூஸ்டர் அலையை மிகையாக்கிக் கெடுக்கும். 700 மெகாஹெர்ட்ஸ் கைப்பேசி அலையையும் பழைய பூஸ்டர்கள் சேர்த்துப் பெருக்குகின்றன. மலைக்குப் பின்னால் மறைந்திருக்கும் பாலேக் பூலாவ் போன்ற இடங்களில் ஏரியலின் உயரமும் திசையும்தான் முதலில் பார்க்க வேண்டியவை. ஏரியலைத் திருப்பும்போது டிகோடர் திரையில் காட்டும் சிக்னலின் ‘வலிமை’ எண்ணைவிடத் ‘தரம்’ எண்ணையே கவனியுங்கள். நேரில் பார்க்கும்போது அரை வினாடி உடைவதை யாரும் பொருட்படுத்துவதில்லை. பதிவில் அது நிலைத்துவிடும், சில பெட்டிகள் அங்கேயே கோப்பை முடித்துவிடும்.

முக்கியமான நிகழ்ச்சிக்கு முன் 10 நிமிடம் பதிவு செய்து, அதைக் கணினியில் விஎல்சி பிளேயரில் போட்டுப் பாருங்கள். கோப்பு ‘.டிஎஸ்’ ஆக இருந்தால் பெரும்பாலும் ஓடும். டிவியிலேயே ட்யூனர் இருந்து அதில் பதிவு செய்திருந்தால் கோப்பு அந்த டிவிக்கே பூட்டப்பட்டிருக்கக்கூடும். டிவி பழுதானால் பதிவும் போயிற்று. பதிவு ஓடும்போது பென்டிரைவைப் பிடுங்காதீர்கள். தவறிப் பிடுங்கி, பட்டியலில் கோப்பு காணாமல் போனாலும் உடனே ஃபார்மட் செய்துவிட வேண்டாம். டிகோடர் மறந்த அந்தக் கோப்பு கணினியில் திறப்பதுண்டு.