முதல் ஆர்சி விமானம்: விழுந்தாலும் மறுநாள் பறக்கிற மாதிரி கட்டுவது எப்படி

புதிதாக ஆர்சி (ரிமோட்டால் ஓட்டும்) விமானம் கட்டுகிறவர்களின் விமானம் பெரும்பாலும் முதல் அரை நிமிடத்துக்குள் தரையில் குத்திவிடும். ஓட்டத் தெரியாததுதான் காரணம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பாதிக் காரணம் அது. மீதி எல்லாம் வீட்டு மேசையிலேயே நடந்து முடிந்தவை: எடை கூடிப்போனது, ஈர்ப்பு மையம் பின்னால் தள்ளி இருந்தது, எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை) தலைகீழாக வேலை செய்தது. இந்த வழிகாட்டியில் கட்டுவதற்கும் சோதிப்பதற்கும் அதிக இடம் ஒதுக்கியிருப்பது அதனால்தான்.

முதல் விமானத்துக்கு, இறக்கை உடலின் மேல் உட்காரும் மேல்-இறக்கை விமானமே சரி. ஐலரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகை) வேண்டாம். த்ராட்டில் (மோட்டார் வேகம்), எலிவேட்டர், ரடர் (இடம் வலம் திருப்பும் வால் பலகை) என்று மூன்று சேனல் போதும். இறக்கை நுனிகளை மேல்நோக்கி உயர்த்திக் கட்டினால், ரிமோட்டின் குச்சியை விட்டதும் விமானம் தானாகவே நிமிரும். போர் விமான வடிவத்தில் ஆசை வருவது இயல்புதான். ஆனால் அது மூன்றாவது விமானமாக இருக்கட்டும்.

வாங்க வேண்டியவை

ஏ2212 1000 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 1000 சுற்று) பிரஷ்லெஸ் மோட்டார், 10×4.5 அங்குல பிளாஸ்டிக் புரொப்பெல்லர் (குறைந்தது நான்கு வாங்குங்கள், செலவாகும்), 30 ஆம்ப் இஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி), 9 கிராம் சர்வோ (வால் பலகைகளை அசைக்கும் சிறு மோட்டார்) 2, 3எஸ் (மூன்று செல்) 1500 எம்ஏஎச் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி. ரிமோட்டுக்கு ஃப்ளைஸ்கை எஃப்எஸ்-ஐ6 மாதிரியான 2.4 கிகாஹெர்ட்ஸ், ஆறு சேனல் செட் நெடுநாள் போதும். செல்களைச் சமமாகச் சார்ஜ் செய்யும் பேலன்ஸ் சார்ஜரையும், பேட்டரி தீர்வதைச் சொல்லும் சிறிய வோல்டேஜ் அலாரத்தையும் தவிர்க்காதீர்கள். புரொப்பெல்லரை ஸ்க்ரூவால் இறுக்கும் அடாப்டருக்குப் பதில், ரப்பர் வளையத்தால் அதைப் பிடித்துக்கொள்ளும் ‘ப்ராப் சேவர்’ வாங்குங்கள். சக்கரம் இல்லாத விமானம் வயிற்றால் இறங்கும்போது புரொப்பெல்லர் மண்ணில் இடிக்கும். வளையம் நழுவி வழிவிட்டால் மோட்டார் ஷாஃப்ட் வளையாது.

உடலுக்கு 5 மிமீ டெப்ரான் (லேசான ஃபோம்) ஷீட். கடையில் சன்போர்டு என்று தரும் பிவிசி பலகை பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் எடை பல மடங்கு. அதில் கட்டினால் எந்த மோட்டாரும் காப்பாற்றாது. பசையில்தான் பலர் பொருளைக் கெடுத்துக்கொள்கிறார்கள். ஃபெவிக்விக், தின்னர் வாசமடிக்கும் ரப்பர் பசை இரண்டுமே ஃபோமைக் கரைத்துவிடும். ஹாட் குளூ துப்பாக்கியையும் சூடு குறைவாக உள்ளதாகப் பாருங்கள். மோட்டார் தாங்கும் பலகைக்கு மட்டும் 5 நிமிட எபாக்சி.

இறக்கை

நீளம் 1000 மிமீ, அகலம் 200 மிமீ. 500 மிமீ நீளத்தில் இரண்டு துண்டுகளாக வெட்டுங்கள். ஒவ்வொன்றின் மேலும் முன்விளிம்பை ஒட்டி 100 மிமீ அகலத்தில் இன்னொரு அடுக்கை ஒட்டுங்கள். இறக்கையின் மேற்புறம் பாதியில் ஒரு படி இறங்குவது போல இருக்கும். இது கிளைன்-ஃபோகிள்மேன் வகை இறக்கை. வளைவான இறக்கையை விட இழுவை கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் மெதுவாகப் பறக்கும்போது சாந்தமாக நடந்துகொள்ளும். முன்விளிம்பை மட்டும் சாண்ட் பேப்பரால் உருட்டிவிடுங்கள்.

அடிப்புறத்தில் முன்விளிம்பிலிருந்து 60 மிமீ தள்ளி ஒரு பள்ளம் கீறி 4 மிமீ கார்பன் குழாயைப் பதியுங்கள். நடு இணைப்பில் 3 மிமீ பிளைவுட்டில் 150 மிமீ நீளத்துக்கு அகலமான ‘வி’ வடிவத் துண்டை எபாக்சியால் ஒட்ட வேண்டும். ஒரு பக்க இறக்கையை மேசையில் படிய வைத்தால் மறுபக்கத்து நுனி 100 மிமீ உயர்ந்து நிற்க வேண்டும், அதாவது பக்கத்துக்குச் சுமார் 6 டிகிரி. பறக்கும்போது இறக்கையின் அடிப்புறம்தான் இழுபடுகிறது. அதனால் அட்டைப்பெட்டி கட்டும் இழை டேப் ஒரு பட்டையை அடியில் நுனிக்கு நுனி ஒட்டுங்கள். மேலே ஒட்டினால் எடைதான் மிச்சம்.

ரப்பர் பேண்ட் உட்காரும் இடத்தில் முன், பின் விளிம்புகளில் ஐஸ்கிரீம் குச்சியைத் துண்டாக்கி ஒட்டுங்கள். இல்லாவிட்டால் ரப்பர் ஃபோமை அறுத்துக்கொண்டே போகும்.

உடலும் வாலும்

உடல் 730 மிமீ நீளப் பெட்டி. அகலம் 55, உயரம் 70. மூக்கிலிருந்து 150 மிமீ தள்ளி இறக்கை தொடங்கும், 350ல் முடியும். வால் இறக்கை 630ல் தொடங்கி உடலின் முடிவு வரை. கிடைமட்ட வால் 400×100 மிமீ, அதில் பின்புற 35 மிமீ எலிவேட்டர். நின்ற வால் 150 மிமீ உயரம், 120 மிமீ அகலம், அதில் 50 மிமீ ரடர். வாலில் பசையைக் கஞ்சத்தனமாகப் பயன்படுத்துங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறோம்.

இறக்கை உட்காரும் தளத்தின் முன்பக்கம் பின்பக்கத்தை விட 7 மிமீ உயர்ந்திருக்கட்டும். இது வாலோடு ஒப்பிட்டால் இறக்கைக்கு 2 டிகிரி ஏற்றம் தரும். மூங்கில் குச்சிகளை உடலின் குறுக்கே முன்னொன்று பின்னொன்றாகச் செருகி, அகலமான ரப்பர் பேண்ட் ஆறு போட்டு இறக்கையைக் கட்டுங்கள். இறக்கையை நிரந்தரமாக ஒட்டிவிடவே கூடாது. மோதும்போது ரப்பர் விட்டுக்கொடுத்து இறக்கை நகர்ந்தால் உடல் பிழைக்கும்; ஒட்டியிருந்தால் இரண்டும் போகும்.

மோட்டார் பலகை 3 மிமீ பிளைவுட். மோட்டாரை நேராக வைத்தால் த்ராட்டில் கொடுக்கும்போதெல்லாம் மூக்கு மேலே எழும். மேல் ஸ்க்ரூக்களுக்குப் பின்னால் வாஷர் வைத்து 2–3 டிகிரி கீழ்நோக்கியும், இடப்பக்க ஸ்க்ரூவுக்குப் பின்னால் வைத்து 2 டிகிரி வலம்நோக்கியும் சாயுங்கள். இடம் வலம் எல்லாம் விமானி இருக்கையிலிருந்து பார்க்கிற கணக்கு.

எலிவேட்டர், ரடர் கீல்களுக்கு டேப் போதும். அசையும் பகுதியின் விளிம்பை 45 டிகிரி சீவி, முழுதும் மடக்கிப்பிடித்து ஒரு பக்கமும், நேராக்கி மறுபக்கமும் டேப் ஒட்டுங்கள்.

சர்வோவிலிருந்து வாலுக்குப் போகும் கம்பியைக் கவனமாகச் செய்யுங்கள். 1 மிமீ ஸ்பிரிங் கம்பி இழுக்கும்போது சரியாக இழுக்கும். தள்ளும்போது நடுவில் வில்லாக வளையும். தரையில் பார்த்தால் எலிவேட்டர் அசைவது போலவே இருக்கும். வேகமாகப் பறக்கும்போது காற்றின் அழுத்தத்தில் கம்பி வளைந்து, எலிவேட்டர் பாதி தூரம்கூடப் போகாது. பாய்ச்சலிலிருந்து விமானம் மீளாமல் போவதற்கு இது ஒரு காரணம். 100 மிமீக்கு ஒரு இடத்தில் ஸ்ட்ரா துண்டை உடலில் ஒட்டி அதற்குள் கம்பியை விடுங்கள். பிறகு எலிவேட்டரை விரலால் பிடித்துக்கொண்டு குச்சியை இரு பக்கமும் அசைத்துப் பாருங்கள். கம்பி எங்கும் வளையக் கூடாது.

மின்சாரம், ரிமோட்

புரொப்பெல்லரைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் இந்த வேலை முழுதும். 10 அங்குலப் புரொப்பெல்லர் விரலை எலும்பு வரை வெட்டும்.

ரடர் சர்வோவின் பிளக்கை, விமானத்துக்குள் இருக்கும் ரிசீவரில், வலக்கைக் குச்சிக்குரிய முதல் சேனலில் செருகுங்கள். மோட் 2 ரிமோட்டில் இடக்கை த்ராட்டிலுக்கு, திருப்புவதெல்லாம் வலக்கைக்கு. நாளை ஐலரான் உள்ள விமானத்துக்கு மாறும்போது கை பழகியது மாறாது. மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் மூன்று வயர்களில் ஏதாவது இரண்டை மாற்றுங்கள். இஎஸ்சி கேலிபரேஷன் (த்ராட்டிலின் எல்லைகளை இஎஸ்சிக்குத் தெரிவிப்பது): த்ராட்டிலை முழுதாக ஏற்றிவைத்து பேட்டரியை இணைத்து, பீப் சத்தம் வந்ததும் கீழே இறக்குங்கள்.

அசைவு அளவு: எலிவேட்டர் மேலும் கீழும் 10 மிமீ, ரடர் பக்கத்துக்கு 25 மிமீ. எக்ஸ்போ (குச்சி அசைவுக்கு விமானம் காட்டும் வேகத்தை மாற்றும் ரிமோட் அமைப்பு) 30 சதவீதம், குச்சியின் நடுப்பகுதி மந்தமாகும் திசையில். ரிமோட் திரையில் வரும் வரைகோடு நடுவில் படுத்திருந்தால் சரி.

ஃபெயில்சேஃப் (ரிமோட் தொடர்பு அறுந்தால் மோட்டார் நிற்கும் ஏற்பாடு) சோதனை: த்ராட்டிலைப் பாதி ஏற்றிவிட்டு ரிமோட்டை அணையுங்கள். மோட்டார் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்த விமானத்தை வெளியே எடுத்துப் போகாதீர்கள். ரிசீவரின் இரு ஆன்டெனா நுனிகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்கட்டும்.

லிப்போவை 1சி வேகத்தில், அதாவது 1500 எம்ஏஎச் என்றால் 1.5 ஆம்பில் சார்ஜ் செய்யுங்கள், பக்கத்தில் இருந்துகொண்டு. அலாரத்தை செல்லுக்கு 3.5 வோல்ட்டில் வையுங்கள். பறக்கவிடாத நாட்களில் 3.8 வோல்ட்டில் வைத்திருங்கள். வெயிலில் நிற்கும் காரில் விட்டுவராதீர்கள். உப்பியதை மறுபடி சார்ஜ் செய்யாதீர்கள்.

சிஜி (ஈர்ப்பு மையம்): அலட்சியம் கூடாத இடம்

எல்லாம் பொருத்தியபின், பேட்டரியோடு, இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 55 மிமீ தள்ளி இரு பக்கமும் அடியில் பேனாவால் குறியிடுங்கள். அந்த இரு புள்ளிகளில் விரல்நுனி வைத்துத் தூக்கினால் விமானம் சமமாக, அல்லது மூக்கு மிகச் சற்றே தாழ்ந்து நிற்க வேண்டும். 50லிருந்து 60 வரை பறக்கும். 70ஐத் தாண்டினால் புதியவர் கையில் நிற்காது: எலிவேட்டரைத் தொட்டதும் மூக்கு எகிறி, வேகம் செத்து, ஒரு பக்கமாகச் சரிந்து விழும். மூக்கு கனத்த விமானம் சோம்பலாகப் பறக்கும், ஆனால் பறக்கும்.

வாலில் பசையைக் குறைக்கச் சொன்னது இதற்காகத்தான். சிஜியிலிருந்து வால் 450 மிமீ தள்ளி இருக்கிறது. அங்கே 10 கிராம் கூடினால், 130 கிராம் பேட்டரியை 35 மிமீ முன்னால் நகர்த்தியாக வேண்டும். அதனால் பேட்டரி அறையை மூக்கிலிருந்து இறக்கை நடுவரை நீளமாக விடுங்கள். சரியான இடம் கிடைத்ததும் உள்ளே கோடு போட்டு, வெல்க்ரோவாலும் பட்டையாலும் கட்டுங்கள். ஈயம் சேர்ப்பது கடைசி வழி.

கவனமாகக் கட்டினால் மொத்த எடை 480லிருந்து 550 கிராமுக்குள் வரும். 600ஐத் தாண்டவிடாதீர்கள்.

களத்தில்

அறுவடை முடிந்த வயல், வறண்ட ஏரி, ஆளில்லாத கல்லூரி மைதானம் நல்லது. மின்கம்பி, சாலை, மேயும் மாடு எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. 2021 ட்ரோன் விதிகளின்படி பச்சை மண்டலத்தில் (முன் அனுமதி இல்லாமல் பறக்கவிடக்கூடிய பகுதி) 400 அடி வரைதான், விமான நிலைய எல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் பச்சை மண்டலமே கிடையாது. அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் இடத்தைத் தேடிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பதிவு விதிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விடிந்ததிலிருந்து எட்டு மணி வரை காற்று அமைதியாக இருக்கும். கடலோர ஊர்களில் பகலில் கடற்காற்று ஏறிவிடும். இந்த விமானம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் கீழே போனால் தூக்குவிசை இழந்து விழும். 15 கிலோமீட்டர் காற்றே இதற்கு அதிகம். ஆடி மாதத்தில் கட்டுங்கள், தை மாதத்தில் பறக்கவிடுங்கள்.

அதற்கு முன்பு சிமுலேட்டரில் பத்து மணி நேரமாவது கையைப் பழக்குங்கள். பிகாசிம் என்ற சிமுலேட்டர் இலவசம்.

விமானத்துக்குப் பின்னால் நின்று சோதியுங்கள்: குச்சியை வலம் தள்ளினால் ரடர் வலம், குச்சியை உங்கள் பக்கம் இழுத்தால் எலிவேட்டர் மேலே. ஒவ்வொரு முறையும், நேற்று சரியாக இருந்தது என்று விடாமல். புரொப்பெல்லரில் எண் அச்சிட்ட பக்கம் முன்னோக்கி இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டினாலும் காற்று வரும், விமானத்தை முன்னால் இழுக்கும் விசைதான் வெகுவாகக் குறையும்.

முதல் முறை வேறொருவர் எறியட்டும். காற்றை எதிர்த்து, முக்கால் த்ராட்டிலில், கிடைமட்டமாக, ஓடிவந்து நேராகத் தள்ள வேண்டும். வானத்தைப் பார்த்து எறிந்தால் வேகம் வருவதற்குள் விழும். ஏறியதும் திருப்பாதீர்கள். 30–40 மீட்டர் உயரம் வந்தபின் த்ராட்டிலைப் பாதியாக்கி ட்ரிம் செய்யுங்கள் (குச்சியைத் தொடாமலே நேராகப் பறக்கும்படி ரிமோட்டின் ட்ரிம் பொத்தான்களால் சரிசெய்வது). திரும்பும்போது மூக்கு தாழும், கொஞ்சம் எலிவேட்டரை இழுங்கள். விமானம் உங்களை நோக்கி வரும்போது இடம் வலம் குழம்பும்: எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் குச்சியைத் தள்ளுங்கள், நிமிர்ந்துவிடும். டைமர் 7 நிமிடம். இறங்கும்போது காற்றை எதிர்த்து வந்து, 3 மீட்டர் உயரத்தில் த்ராட்டிலை மூடி, முழங்கால் உயரத்தில் மூக்கை லேசாகத் தூக்குங்கள்.

விழுந்தால்

மோதப் போகிறது என்று தெரிந்த கணமே த்ராட்டிலைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். மண்ணில் சிக்கிய மோட்டாருக்குத் தொடர்ந்து மின்சாரம் போனால் இஎஸ்சி கருகும். ஓடிப்போய் முதலில் பேட்டரியைக் கழற்றி, அடிபட்டிருந்தால் வெறும் மண்ணில் அரை மணி நேரம் தனியே வையுங்கள். அது உடனே தீப்பிடிக்காமல் தாமதித்தும் பிடிக்கலாம்.

துண்டுகளைப் பொறுக்குமுன் விழுந்த விதத்தை நினைவுபடுத்துங்கள். எறிந்ததும் மூக்கு எழுந்து பக்கமாகச் சரிந்ததா? சிஜி பின்னால், அல்லது கீழ்நோக்கிய சாய்வு போதவில்லை. எறிந்ததுமே இடப்பக்கம் உருண்டதா? வலச் சாய்வு இல்லை, அல்லது இறக்கை முறுகியிருக்கிறது. பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் தெரியும். நேராகப் போய் மெல்லக் குத்தியதா? எறிந்த வேகம் போதவில்லை. குச்சிக்கு எதுவும் அசையவில்லை என்றால் ரிசீவர் மின்சாரம், ஆன்டெனா, சர்வோ பிளக் மூன்றையும் பாருங்கள். காரணம் தெரியாமல் ஒட்டிப் பறக்கவிட்டால் அதே இடத்தில் அதே மாதிரி விழும்.

ஃபோம் உடைவு சுத்தமாக இருந்தால் நல்லது. துகளை ஊதிவிட்டு ஹாட் குளூவும், குறுக்கே இரண்டு மூங்கில் குச்சியும். நசுங்கிய மூக்கை ஒட்டிக்கொண்டிருக்காமல் வெட்டிவிட்டுப் புதிய பெட்டி செய்து பொருத்துங்கள். மோட்டாரை விரலால் சுற்றி ஷாஃப்ட் நுனி ஆடுகிறதா பாருங்கள். சர்வோவைக் கையால் மெல்லத் திருப்பினால் ‘கடக்’ என்று ஒரு பல் தாண்டும் சத்தம் கேட்டால் மாற்றிவிடுங்கள். விளிம்பில் கீறல் விழுந்த புரொப்பெல்லரும் குப்பைக்குத்தான், வேகத்தில் அது சிதறும்.

ஒட்டி முடித்ததும் சிஜியை மறுபடி அளந்து, பேட்டரிக்குப் போட்ட கோட்டையும் புதிதாகப் போடுங்கள்.