வைஃபை இருக்கிறது, தளம் திறக்கவில்லையா? விண்டோஸ் 11-இல் டிஎன்எஸ் மாற்றும் முறை

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வீடியோ ஓடும். புதிதாக ஒரு தளம் மட்டும் திறக்காது. எங்கள் வீட்டு பிராட்பேண்டில் மாலையானால் இந்தத் தொல்லைதான். டிஎன்எஸ், அதாவது தளத்தின் பெயரை அதன் எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை; அதை மாற்றியதும் தொல்லை நின்றது.

எதையும் மாற்றும் முன் ஒரு சோதனை. கமாண்ட் ப்ராம்ப்ட்டில் கூகுளின் டிஎன்எஸ் எண்ணான 8.8.8.8-க்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) கொடுங்கள்: ping 8.8.8.8. பிறகு கூகுள் தளத்தின் பெயருக்குக் கொடுங்கள்: ping google.com. எண்ணுக்குப் பதில் வந்து, பெயருக்கு ‘குட் நாட் ஃபைண்ட் ஹோஸ்ட்’ என்று வந்தால் கோளாறு டிஎன்எஸ்ஸில்தான். எண்ணுக்கே பதில் இல்லையா? மோடத்தில் லாஸ் (LOS, சிக்னல் இல்லை என்று காட்டும்) விளக்கு சிவப்பாக எரிகிறதா பாருங்கள். எரிந்தால் ஃபைபரில் பிரச்சினை. புகார் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

சரி, மாற்றுவோம். செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை, அதில் உங்கள் வைஃபை பெயர் போட்ட ப்ராப்பர்ட்டீஸ். அங்கே ‘டிஎன்எஸ் சர்வர் அசைன்மென்ட்’ பக்கத்தில் எடிட். ஆட்டோமேட்டிக்கை மேனுவல் ஆக்கி, ஐபிவி4-ஐ ஆன் செய்யுங்கள். முதல் கட்டத்தில் 1.1.1.1, மாற்றுக் கட்டத்தில் 8.8.8.8.

பலரும் 1.1.1.1-க்குத் துணையாக 1.0.0.1 போடுவார்கள். இரண்டும் கிளவுட்ஃபிளேர் என்ற ஒரே நிறுவனத்துடையவை என்பதால் நான் அப்படிப் போடுவதில்லை. நம் நேரப்படி 2025 ஜூலை 15 அதிகாலையில் கிளவுட்ஃபிளேரின் டிஎன்எஸ் சுமார் ஒரு மணி நேரம் உலகம் முழுக்க நின்றது. அன்று 1.0.0.1 துணைக்கு வரவில்லை. கூகுளின் 8.8.8.8 வேலை செய்தது.

இதோடு சேவ் கொடுத்துவிட்டால் பல வீடுகளில் எதுவுமே மாறியிருக்காது. காரணம் ஐபிவி6, அதாவது ஐபிவி4-க்கு அடுத்து வந்த புதிய வகை இணைய முகவரி. உங்கள் இணைப்பில் அது இருந்தால், ரவுட்டர் தரும் பழைய ஐபிவி6 டிஎன்எஸ்ஸையும் விண்டோஸ் விடாமல் பயன்படுத்தும். சேவ் கொடுத்து எடிட்டை மூடிவிட்டு அதே ப்ராப்பர்ட்டீஸ் பக்கத்தைக் கீழே இறக்கிப் பாருங்கள். ‘லிங்க்-லோக்கல்’ என்ற வரி எல்லோருக்கும் இருக்கும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அது தவிர ‘ஐபிவி6 அட்ரஸ்’ என்று தனி வரி இருந்தால், மீண்டும் எடிட்டுக்குள் போய் ஐபிவி6-ஐயும் ஆன் செய்து இவற்றை இடுங்கள்:

2606:4700:4700::1111
2001:4860:4860::8888

இரட்டைப் புள்ளி (:) இரண்டு முறை அடுத்தடுத்து வரும் இடத்தைக் கவனியுங்கள். ஒன்று குறைந்தாலும் விண்டோஸ் ஏற்காது. தனி வரி இல்லாதவர்கள் ஐபிவி6-ஐத் தொடவே வேண்டாம். சேவ் செய்து, கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, அதே பிங் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

பின்சேர்க்கை: டிஎன்எஸ் மாற்றிய பிறகு ரயில் நிலைய வைஃபையில் லாகின் பக்கமே வரவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். ‘ஹார்ட்வேர் ப்ராப்பர்ட்டீஸ்’ வழியாக மாற்றினால் எல்லா வைஃபைக்கும் அது பொருந்திவிடும். அங்கே ஆட்டோமேட்டிக்குக்குத் திரும்பி, மேலே சொன்னபடி வீட்டு வைஃபைக்கு மட்டும் மாற்றுங்கள். அப்புறம், ஆண்ட்ராய்டு 9 முதல் வரும் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ கட்டத்தில் இந்த எண்கள் செல்லாது. அது சர்வரின் பெயரைத்தான் கேட்கும்.