சபை அமர்வுக்கு வசதி கேட்கும்போது நாம் விடும் பிழைகள்

சில வருடங்களுக்கு முன், திருகோணமலை மாவட்டத்தின் ஒரு பிரதேச சபையில் மாதாந்த அமர்வைப் பார்க்கப் போக ஆசைப்பட்டேன். நான் ஊன்றுகோலோடு நடப்பவன். "மாற்றுத்திறனாளியான எனக்குத் தக்க வசதி செய்து தருமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று கடிதம் கொடுத்தேன். போன அன்று வசதி தயாராகத்தான் இருந்தது. முன்வரிசையில் பூப்போட்ட மெத்தை வைத்த நாற்காலி, அதன் முதுகில் என் பெயர் எழுதி ஒட்டிய கடதாசி. நாற்காலி இருந்தது மேல்மாடியில். படிகள் பத்தொன்பது, கைபிடி கிடையாது.

கோபம் வந்தது உண்மை. ஆனால் பாதிப் பிழை என் கடிதத்தில். "தக்க வசதி" என்றால் கிளாக்கர் என்னத்தைக் கண்டார்? அவருக்குத் தெரிந்த மரியாதை மெத்தை நாற்காலி, அதைச் செய்தார். அடுத்த மாதம் மூன்று வரி எழுதினேன்: என்னால் படியேற முடியாது, அமர்வைக் கீழ்த்தளத்தில் வையுங்கள், முடியாவிட்டால் கீழே திரையும் ஸ்பீக்கரும் போட்டு நேரலையாகக் காட்டுங்கள். கீழ்த்தளத்தில் வைத்தார்கள். மெத்தை இருக்கவில்லை.

எது தடை, எதை மாற்ற வேண்டும், அது முடியாவிட்டால் வேறென்ன சரிவரும் என்ற மூன்றும் கடிதத்தில் இருக்கட்டும். அளவு தெரிந்தால் அளவையும் எழுதுங்கள். "வீல்செயார்தானே, பலகை போட்டுத் தாறம்" என்பார்கள். சாய்தளத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு, உயரம் ஒன்றுக்கு நீளம் பன்னிரண்டு. ஒரு படி 15 சென்ரிமீற்றர் என்றால், மூன்று படிக்கு 45. அதற்குச் சாய்தளம் 5.4 மீற்றர் நீளம் வேண்டும். ஆறடிப் பலகையைப் போட்டால் அது சாய்தளமில்லை, சறுக்குமரம். இந்தக் கணக்கைக் கடிதத்திலேயே போட்டுவிட்டால் பலகைக் கதை எழும்பாது.

கடிதம் போய்ச்சேரும் இடத்திலும் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். பிரதேச செயலகம் வேறு, பிரதேச சபை வேறு. சமூக சேவை உத்தியோகத்தரை நமக்குப் பழக்கம் என்பதால் எல்லாக் கடிதத்தையும் செயலகத்தில் கொடுத்துவிடுகிறோம். சபை அமர்வை நடத்துவது சபை. மூதூரோ குச்சவெளியோ, உங்கள் பிரதேச சபையின் தவிசாளருக்கு எழுதி, சபையின் செயலாளருக்கு ஒரு பிரதி வையுங்கள். வாகன நிறுத்தம், மண்டபம், மைக் எல்லாவற்றுக்கும் ஆளை ஏவுவது பெரும்பாலும் செயலாளர்தான். அப்புறம், மதிப்பாக இருக்கும் என்று ஆங்கிலத்தில் எழுத வேண்டியதில்லை. வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிருவாக மொழி. தமிழில் எழுதிக் கொடுத்துத் தமிழில் பதில் கேட்கலாம்.

"மெம்பரிட்டச் சொல்லியாச்சு" என்பது இன்னொரு பொறி. மெம்பர் நல்லவராக இருக்கலாம், ஆனால் அவர் வாயால் சொன்னதற்குக் கோவை இல்லை. இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் திகதி முத்திரையும் கையொப்பமும் வாங்குங்கள். போக முடியாவிட்டால் பதிவுத் தபால். அமர்வுக்கு முதல்நாள் கொடுத்துவிட்டு அதிசயத்தை எதிர்பார்க்க முடியாது. மண்டபம் மாற்றுவதென்றால் இரண்டு கிழமையாவது விடுங்கள், சைகைமொழிப் பெயர்ப்பாளர் வேண்டுமென்றால் அதைவிடக் கூடுதலாக.

பார்வையற்றவர்கள் கேட்பதில் ஒன்று எப்போதும் விடுபட்டுப்போகிறது. நிகழ்ச்சிநிரலை "மின்னஞ்சலில் அனுப்புங்கள்" என்று கேட்கிறார்கள், அனுப்பவும் படுகிறது. திறந்தால் பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பு. நம் கந்தோர்களில் பாமினி இன்னும் ஓயவில்லை. கண்ணுக்கு அது தமிழ். கணினிக்கோ, தமிழ் உருவம் போர்த்திய ஆங்கில எழுத்துகள். "தமிழ்" என்ற சொல் உள்ளே "ஜே, கே, பீ, ஓ, செமிகோலன்" என்றுதான் கிடக்கிறது. பார்வையற்றவருக்குத் திரையில் உள்ளதை உரக்க வாசித்துக் காட்டும் மென்பொருளான திரைவாசிப்பான் அதைத்தான் வாசிக்கும். பாதீட்டு அறிக்கை முப்பது பக்கமும் இப்படிப் போனால் ஆள் என்ன செய்வார்? தாளை ஸ்கேன் பண்ணி பிடிஎஃப் ஆக அனுப்பினால் அதுவும்கூட இல்லை, வெறும் படம். யுனிகோட் முறையில் அடித்தால் கணினிக்கும் அது தமிழ்தான். ஆகவே "யுனிகோட் தமிழில், வேர்ட் கோப்பாக" என்று எழுதுங்கள். பாமினியை யுனிகோடாக மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன, சில நிமிட வேலை என்ற வரியையும் சேர்த்துவிடுங்கள். தெரியாமல் செய்கிறவர்கள்தான் அதிகம்.

காது கேளாதவர்கள் மகளையோ தம்பியையோ மொழிபெயர்க்கக் கூட்டிவருவதை நான் குறை சொல்லவில்லை. வேறு வழியில்லை என்று வருகிறார்கள். ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளை வடிகால் ஒப்பந்தத்தை எந்தச் சைகையில் சொல்லும்? பெயர்ப்பாளரைச் சபையிடமே கேளுங்கள். நீண்ட அமர்வென்றால் இரண்டு பேர், மாறி மாறி. கொழும்பிலிருந்து வருபவரின் சைகை இங்குள்ளவருக்கு ஓடாமல் போகலாம் என்பதால், நீங்கள் எந்தச் சைகையில் பேசுகிறீர்கள், உங்களுக்கு யார் பழக்கம் என்பதையும் எழுதுங்கள். பெயர்ப்பாளரின் முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும், அவருக்குப் பின்னால் யன்னல் இருக்கக்கூடாது.

வைத்திய அறிக்கைக் கட்டை இணைக்காதீர்கள். எந்த வருடம் விழுந்தீர்கள், எத்தனை சத்திரசிகிச்சை என்பது சபைக்குத் தேவையில்லை. அந்தக் கோவை எத்தனை மேசை சுற்றும் என்று உங்களுக்குத் தெரியாது.

சட்டத்தைச் சொல்லலாமா? சொல்லலாம், இரண்டு வரியில். அங்கவீனமுற்றோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், பொதுமக்கள் நுழையும் இடத்துக்குள் நுழைவதில் அங்கவீனத்தைக் காரணங்காட்டிப் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. மீறினால் மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம். பொதுக் கட்டடங்களின் அணுகுவசதிக்கான ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. அங்கவீனமுற்றோரின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. இதற்கு மேல் எழுதினால் கடிதம் வழக்கறிஞர் நோட்டீஸ் மாதிரி ஆகி, "சட்டப் பிரிவுக்கு அனுப்பியிருக்கு" என்று மாதக்கணக்கில் நின்றுவிடும். மறுபுறம், "தங்கள் கருணையை நாடி" என்ற வாலும் வேண்டாம். கருணை காட்டினால்தான் மெத்தை வருகிறது.

பதில் வராவிட்டால் மறுபடி அதே கடிதத்தை எழுதாதீர்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், "இன்ன திகதிக் கடிதத்துக்கு என்ன தீர்மானம் எடுத்தீர்கள்" என்று கேளுங்கள். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலைநாட்களுக்குள் சொல்ல வேண்டும். எழுத முடியாதவர் வாயால் கேட்டாலும் தகவல் அலுவலர் அதை எழுதிக்கொள்ளக் கடமைப்பட்டவர். இதைப் பலர் அறியாமல், எழுதித் தர ஆள் தேடி அலைகிறார்கள்.

முகத்துக்கு நேரே மறுத்துவிட்டால் நாளை எண்ணத் தொடங்குங்கள். அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. அவர்களுக்குத் திருகோணமலையிலேயே பிராந்திய அலுவலகம் இருக்கிறது. போகும்போது அந்தத் திகதி முத்திரை குத்திய பிரதியைக் கொண்டுபோங்கள்.