யூஎஸ்பி-சி ஹப் வாங்கப் போகிறீர்களா? முதலில் லேப்டாப்பைத் திருப்பிப் பாருங்கள்

எங்கள் தெருவில் இன்ஜினியரிங் படிக்கும் தம்பி ஒருவன் போன மாதம் ஒரு ஹப்போடு (லேப்டாப்பின் ஒரு டைப்-சி துளையைப் பல போர்ட்களாகப் பிரிக்கும் சின்னப் பெட்டி) வீட்டுக்கு வந்தான். "அண்ணா, இது ரெண்டாவது ஹப். முதல்ல வாங்கினதுல டிவிக்குப் படம் வரலைன்னு ரிட்டர்ன் பண்ணிட்டு, கூடக் காசு போட்டு இதை வாங்கினேன். இதுலயும் நோ சிக்னல்னுதான் வருது." டிவியை இணைக்கும் லேப்டாப்பின் எச்டிஎம்ஐ போர்ட் ஆட்டம் கண்டுவிட்டதால்தான் அவனுக்கு ஹப்பே தேவைப்பட்டது. அடியில் ஒட்டியிருந்த மாடல் எண்ணை வைத்து, தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் தேடினோம். டைப்-சி போர்ட்டுக்கு நேராக 'டேட்டா மட்டும்' என்று இருந்தது. அந்தப் போர்ட் வழியாக நேரடியாகப் படம் வெளியே வராது. சாதாரண ஹப் பத்து மாற்றினாலும் வராது.

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். ஹப் வெறும் அகப்பை. போர்ட் தருவதைப் பிரித்துக் கொடுக்கும், அவ்வளவே. அதனால் கடையிலிருந்து தொடங்காமல் லேப்டாப்பிலிருந்து தொடங்குவோம்.

படி 1: உங்கள் போர்ட் என்னென்ன செய்யும்?

டைப்-சி என்பது துளையின் வடிவத்துக்குப் பெயர். ஒரே வடிவத் துளைக்குள் நொடிக்கு 480 மெகாபிட் டேட்டா மட்டும் ஓடலாம். 5, 10, 40 ஜிகாபிட்டும் ஓடலாம். படம் வரலாம், வராமலும் போகலாம். சார்ஜ் ஏறுவதும் அப்படித்தான்.

போர்ட்டின் பக்கத்தில் உள்ள சின்னத்தைப் பாருங்கள். மின்னல் இருந்தால் தண்டர்போல்ட்: டேட்டா, படம் இரண்டுமே வரும். டி, பி என்ற ஆங்கில எழுத்துகள் பின்னியது போல இருந்தால் டிஸ்ப்ளேபோர்ட், அதாவது படம் வரும். சின்னமே இல்லாத லேப்டாப்களும் நிறைய உண்டு. அப்போது மாடல் எண்ணை முழுதாக எடுத்துக்கொண்டு நிறுவனத்தின் தளத்துக்கே போங்கள். 'டிஸ்ப்ளேபோர்ட்', 'பவர் டெலிவரி' (டைப்-சி வழியாகச் சார்ஜ் ஏறும் வசதி) என்ற இரண்டு சொற்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். விற்பனைத் தளங்களில் உள்ள விவரத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே தொடரின் வேறு மாடலுக்கான விவரம் அங்கே ஒட்டப்பட்டிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

படி 2: தேவையை ஒரு தாளில் எழுதுங்கள்

தினமும் எதை எதைச் செருகுவீர்கள்? மவுஸ், பென் டிரைவ், மானிட்டர், லேன் கேபிள், கேமரா கார்டு? பென் டிரைவ் மட்டும் என்றால் டைப்-சி துளையில் சாதாரண யூஎஸ்பியைச் செருகவைக்கும் சின்ன ஓடிஜி அடாப்டரே போதும். கல்லூரி செமினார் ஹாலில் பழைய புரொஜெக்டர் இருந்தால் விஜிஏ என்ற பழைய வகைப் படப் போர்ட் உள்ளதாகப் பாருங்கள். 'எட்டுக்கு ஒன்று', 'பதினொன்றுக்கு ஒன்று' என்ற எண்ணிக்கையில் மயங்காதீர்கள். எல்லாப் போர்ட்டும் கடைசியில் ஒரே வாய்க்காலிலிருந்துதான் தண்ணீர் எடுக்கின்றன.

படி 3: மானிட்டர் — அதிகம் ஏமாறும் இடம்

பெட்டியில் '4கே' (ஃபுல் எச்டியைவிடக் கூர்மையான படம்) என்று பெரிதாக இருக்கும். பக்கத்திலேயே '30 ஹெர்ட்ஸ்' என்று பொடி எழுத்தில் இருக்கும். நொடிக்கு 30 முறை மட்டும் திரை மாறினால் மவுஸ் அம்பு விட்டுவிட்டு நகரும். நாள் முழுக்க வேலை செய்தால் கண் சலித்துப்போகும்.

இதற்குக் காரணம் உண்டு. முழு வசதியுள்ள டைப்-சி போர்ட்டில் வேகமான தடங்கள் நான்கு. பல ஹப்கள், இரண்டைப் படத்துக்கும் இரண்டை வேகமான யூஎஸ்பி 3 டேட்டாவுக்கும் ஒதுக்குகின்றன. லேப்டாப் தருவது டிஸ்ப்ளேபோர்ட்டின் 1.2 பதிப்பு என்றால், அந்த இரண்டு தடத்தில் 4கே 60 ஹெர்ட்ஸ் கொள்ளாது. 1.4 என்றால் கொள்ளும். ஆனால் ஹப்பும் 1.4-ஐத் தாங்க வேண்டும். சில ஹப்கள் நான்கு தடத்தையும் படத்துக்கே கொடுத்து 60 ஹெர்ட்ஸ் காட்டிவிடும். அப்போது டேட்டாவுக்கு மிஞ்சுவது பழைய 480 மெகாபிட் வேகம்தான். ஹார்டு டிஸ்க்கில் வேலை செய்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

உங்கள் மானிட்டர் ஃபுல் எச்டி என்றால் இந்தக் கவலையே வேண்டாம். சாதாரண ஹப்பிலேயே 60 ஹெர்ட்ஸ் தாராளமாக வரும். கூடுதல் பணம் போடாதீர்கள்.

மேக்புக் ஏர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: எம்1, எம்2 சிப் உள்ள மாடல்கள் வெளியே ஒரு மானிட்டரைத்தான் இயக்கும். இரண்டு எச்டிஎம்ஐ உள்ள ஹப்பில் இரண்டு திரையிலும் ஒரே படம்தான் தெரியும்.

போர்ட்டில் படமே வராதவர்களுக்கும் வழி உண்டு. டிஸ்ப்ளேலிங்க் சிப் உள்ள அடாப்டர், டேட்டா வழியாகவே படத்தை அனுப்பும். தனி டிரைவர் நிறுவ வேண்டும், விலையும் கூடுதல். கேம் விளையாட ஒத்துவராது. பாடக் குறிப்புக்கும் எக்செல்லுக்கும் போதும். தம்பிக்குக் கணக்குப் போட்டுப் பார்த்ததில், ஆட்டம் கண்ட எச்டிஎம்ஐ போர்ட்டைச் சர்வீஸ் கடையில் மாற்றுவதே மலிவு என்று தெரிந்தது. அவன் அதைத்தான் செய்தான்.

படி 4: சார்ஜர்

ஹப் வழியாக சார்ஜ் ஏற்றலாம், உங்கள் போர்ட் பவர் டெலிவரியை ஏற்பதாக இருந்தால். ஹப் தனக்கென்று 10 முதல் 15 வாட் வரை பிடித்துக்கொள்ளும். 65 வாட் சார்ஜரைச் செருகினால் லேப்டாப்புக்கு ஐம்பது சொச்சம்தான் போய்ச் சேரும். 'உள்ளே 100, வெளியே 85' என்று இரண்டு எண்ணையும் வெளிப்படையாகப் போடும் நிறுவனத்தை நான் நம்புவேன்.

இதில் நான் பட்ட பாடு ஒன்று. கல்யாணப் போட்டோக்களை கார்டிலிருந்து நகர்த்திக்கொண்டிருந்தபோது ஹப்பிலிருந்த சார்ஜரைப் பிடுங்கிவிட்டேன். மின்சாரம் எங்கிருந்து வருவது என்று ஹப்பும் லேப்டாப்பும் மறுபடி பேசி முடிவெடுக்க ஒரு நொடி ஆகும்; அந்த நொடியில் பல ஹப்களில் எல்லா இணைப்பும் அறுந்து மீளும். முப்பது படங்கள் பாதியிலேயே நின்றன. நகலெடுக்கும்போது சார்ஜரில் கை வைக்காதீர்கள், 'மூவ்' செய்யாமல் 'காப்பி' செய்யுங்கள்.

படி 5: மற்ற போர்ட்கள்

லேன் போர்ட்டில் 1000 என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். விலை குறைந்தவற்றில் 100 மெகாபிட்தான் இருக்கும். வீட்டில் 200 மெகாபிட் ஃபைபர் இருந்தாலும் பாதிதான் கிடைக்கும்.

ஹார்டு டிஸ்க்கைச் செருகினால் மவுஸ் தடுமாறுகிறதா? யூஎஸ்பி 3 இயங்கும்போது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும். வயர்லெஸ் மவுஸ் பேசுவதும் அங்கேதான். இன்டெல் 2012இலேயே இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. மவுஸ் ரிசீவரை ஹப்பை விட்டு லேப்டாப்பின் மறுபக்கம் செருகுங்கள், சரியாகும்.

படி 6: வந்த அன்றே சோதியுங்கள்

ரிட்டர்ன் நாள் முடியும்வரை பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். சார்ஜர், மானிட்டர், ஹார்டு டிஸ்க் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செருகுங்கள். விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போனால் எத்தனை ஹெர்ட்ஸ் என்று தெரியும். பிறகு பத்து ஜிபி கோப்பு ஒன்றை நகலெடுத்துக்கொண்டே அரை மணி நேரம் வீடியோ ஓட விடுங்கள். ஹப்பின் உடம்பு வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. தொட்ட கையை எடுக்கவைக்கும் சூடு இருந்தாலோ, திரை ஒருமுறை கறுத்து மீண்டாலோ, அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள்.