குழந்தைகளுடன் மலையுச்சிக்கு: கிளம்பும் முன்னும் ஏறும்போதும் கவனிக்க வேண்டியவை

மலையுச்சிக்கு எவ்வளவு தூரம் என்று மட்டும் விசாரித்துவிட்டுக் குழந்தைகளுடன் கிளம்பக் கூடாது. எத்தனை மீட்டர் ஏற வேண்டும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மலையேறுநர் வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் வகுத்த கணக்கு இதற்கு இன்றும் கைகொடுக்கிறது: 5 கிலோமீட்டர் நடக்க ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். அதன்படி 4 கிலோமீட்டர் நீளமும் 600 மீட்டர் ஏற்றமும் உள்ள பாதையில் உச்சியை அடைய 1 மணி 48 நிமிடம் ஆகும். ஆனால் இது நடந்து பழகிய பெரியவர் எங்கும் உட்காராமல் ஏறுவதற்கான கணக்கு என்பதால், ஏழெட்டு வயதுக் குழந்தை உடன் வரும்போது இதை இரட்டித்துக்கொள்வதே என் வழக்கம்.

கிளம்பும் முன்பே, எந்த இடத்தில் இருந்தாலும் திரும்பிவிட வேண்டிய நேரம் ஒன்றை முடிவுசெய்து, அதைக் குழந்தைகளிடமும் சொல்லிவிடுங்கள். பிற்பகல் ஒரு மணி என்றால் ஒரு மணிதான். உச்சி கண்ணெதிரே தெரிந்தாலும் இறங்கத் தொடங்க வேண்டும். முன்கூட்டியே சொல்லிவிட்டால் பிள்ளைகள் ஏற்றுக்கொள்கிறார்கள். இன்னும் கொஞ்சம்தானே என்று அடம்பிடிப்பது பெரும்பாலும் பெரியவர்கள்தான்.

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். உச்சியில் வீசும் காற்று அந்தக் குளிரை இன்னும் கூட்டும். வியர்வையில் நனைந்த பருத்திச் சட்டை எளிதில் காயாமல் உடற்சூட்டை உறிஞ்சிவிடும் என்பதால், உடலை ஒட்டி அணிவது கம்பளியாகவோ விரைவில் காயும் செயற்கை இழையாகவோ இருக்கட்டும். முதுகில் சுமந்து செல்லும் கைக்குழந்தையிடம் தனிக் கவனம் தேவை. சுமப்பவருக்கு வியர்த்துக் கொட்டும்; அசையாமல் உட்கார்ந்திருக்கும் குழந்தையோ குளிரில் விறைத்துப்போகும். கை விரல்களைத் தொட்டுப் பார்த்து முடிவுசெய்யாமல், சட்டைக் கழுத்துக்குள் இரண்டு விரலை விட்டுப் பிடரியைத் தொட்டுப் பாருங்கள். அங்கே சில்லென்று இருந்தால் உடனே இன்னொரு உடுப்பைப் போட வேண்டும்.

நடையின் வேகத்தைக் கூட்டத்திலேயே மெதுவாக நடக்கும் பிள்ளை தீர்மானிக்கட்டும்; அவனையோ அவளையோ முன்னால் விட்டு, கடைசியில் ஒரு பெரியவர் வர வேண்டும். பசி என்று சொல்லும்வரை காத்திராமல், இடையிடையே ஒரு வாய் உணவும் சில மிடறு தண்ணீரும் கொடுத்துக்கொண்டே வந்தால் பாதி அழுகையைத் தவிர்த்துவிடலாம். கால் உறுத்துகிறது என்று குழந்தை சொன்ன அந்த இடத்திலேயே நின்று, ஷூவைக் கழற்றி, காலுறையின் மடிப்பை நீவிவிட்டு, சிவந்த இடத்தில் பிளாஸ்டர் ஒட்டுங்கள். கொப்புளம் வந்துவிட்ட பிறகு எந்தச் சமாதானமும் எடுபடாது.

ஒவ்வொரு குழந்தையின் கழுத்திலும் ஒரு விசில் தொங்கட்டும். பாதை தவறினால் இருந்த இடத்தைவிட்டு நகராமல், ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி மீண்டும் ஊத வேண்டும் என்பதை முந்தைய நாளே விளையாட்டாகப் பழக்கிவிடலாம். இடி முழக்கம் கேட்டால் உச்சியையும் முகட்டையும் தனித்து நிற்கும் மரங்களையும் விட்டு விலகி உடனே இறங்குங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை மீண்டும் ஏற வேண்டாம். கடல்மட்டத்திலிருந்து 2,500 மீட்டருக்கு மேல், காற்றில் ஆக்சிஜன் குறைவாகக் கிடைப்பதால் உண்டாகும் உயர நோயும் வரக்கூடும். தலைவலி என்று சொல்லத் தெரியாத சிறு குழந்தையிடம் அது காரணமில்லாத சிணுங்கலாகவும் சாப்பிட மறுப்பதாகவும் வாந்தியாகவும் வெளிப்படும். அப்போது சோர்வுதான் என்று தேற்றிக்கொள்ளாமல் கீழே இறங்கிவிட வேண்டும்.

உச்சியை அடைந்ததும் புகைப்படம் எடுப்பதற்கு முன் எல்லோரும் கம்பளி உடுப்பை அணிந்துகொள்ளுங்கள். வியர்வை குளிர்வதற்குச் சில நிமிடங்களே போதும். இறங்குவதற்கு முன் குழந்தையை உட்கார வைத்து, குதிகாலைத் தரையில் தட்டிப் பாதத்தைப் பின்னுக்குத் தள்ளி, கணுக்கால் பக்கத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வோர் அடியிலும் விரல்கள் ஷூவின் நுனியில் இடித்து நகம் கன்றிவிடும். இறக்கத்தில் வரிசையை மாற்றி ஒரு பெரியவர் முன்னால் செல்ல வேண்டும். கால் தளர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஓடி இறங்கத் தோன்றுவது அப்போதுதான், அவர்களைத் தடுத்து நிறுத்த முன்னால் ஓர் ஆள் இருந்தாக வேண்டும்.