வெளியூர் ராணி எறும்பை அமெரிக்காவுக்குள் சட்டப்படி கொண்டுவருவது எப்படி

எறும்பு வளர்க்கத் தொடங்கிக் கொஞ்ச காலம் போனால், வீட்டுப் பின்புறத்தில் கிடைக்காத எறும்பு வேண்டும் என்று ஆசை வந்துவிடும். அரிசோனா பாலைவனத்து அறுவடை எறும்பு, கென்யாவின் பெரிய அறுவடை எறும்பு, நம்ம ஊர் மாமரத்தில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு என்று மனம் அலையும். எனக்கும் அந்த ஆசை உண்டு. நான் நியூ ஜெர்சியில் எடிசனில் இருக்கிறேன். நியூவார்க் துறைமுகத்துக்கு வரும் சரக்குகளின் இறக்குமதிக் காகிதங்களைச் சரிபார்ப்பது என் வேலை. அதனால் எறும்பு விஷயத்திலும் நான் முதலில் பார்ப்பது காகிதத்தைத்தான். நான் பார்க்கும் அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்காவில் இந்த விஷயத்தைக் கவனிப்பது வேளாண்துறையின் கீழ் வரும் ஏஃபிஸ் (APHIS) அமைப்பு. 2000-ஆம் ஆண்டின் தாவரப் பாதுகாப்புச் சட்டம் தந்த அதிகாரத்தில், பயிருக்குக் கேடு செய்யக்கூடிய உயிர்களின் போக்குவரத்தை அது கட்டுப்படுத்துகிறது. எறும்பும் அந்தக் கணக்கில் வருகிறது. ஒரு எறும்பு என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்கு ராணியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். இறக்கை முளைத்த ராணி ஒரே பருவத்தில் பறந்து இணை சேர்கிறது. அப்போது பெற்ற விந்தை உடலில் சேமித்து வைத்து வாழ்நாள் முழுக்க முட்டையிடுகிறது. ஆகவே பஞ்சு அடைத்த டெஸ்ட் ட்யூபுக்குள் இருக்கும் ஒற்றை ராணி, இன்னும் பிறக்காத ஒரு முழுக் கூட்டம். 1956-இலிருந்து இங்கே குழந்தைகளுக்கு விற்கப்படும் ‘ஆன்ட் ஃபார்ம்’ பெட்டிக்குத் தபாலில் வேலைக்கார எறும்புகள் மட்டும் வருவதும், ராணி வராததும் இதனால்தான்.

இந்தப் பயம் வெறும் கற்பனை இல்லை. தென் அமெரிக்காவின் சிவப்பு நெருப்பெறும்பு 1930-களில் அலபாமாவின் மொபைல் துறைமுகம் வழியாக உள்ளே வந்தது. இன்று கரோலினாவிலிருந்து டெக்சாஸ் வரை பரவி நிற்கிறது. 1958-இலிருந்து அதற்கென்றே மத்திய அரசின் தடைப்பகுதி விதிகள் உள்ளன. நமக்கும் இது தெரியாத கதை அல்ல. 2022-இல் திண்டுக்கல் மாவட்டம் கரந்தமலை அடிவாரக் கிராமங்களில் மஞ்சள் பைத்திய எறும்புகள் பெருகி, ஆடு மாடுகளின் கண்ணைக் கெடுத்து, மக்களை மேய்ச்சல் நிலத்தைவிட்டு விரட்டின. அந்தச் செய்தியைப் படித்தவர்கள், வேளாண்துறை ஏன் இவ்வளவு கேள்வி கேட்கிறது என்று கோபப்பட மாட்டார்கள்.

மாநில எல்லையும் எல்லைதான்

பலர் தவறவிடுவது இதைத்தான். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தால் மட்டும் ஏஃபிஸின் பெர்மிட் (அனுமதி) வேண்டும் என்று நினைக்கிறார்கள். பென்சில்வேனியாவின் ஈஸ்டனில் பிடித்த ராணியைப் பாலம் தாண்டி நியூ ஜெர்சியின் ஃபிலிப்ஸ்பர்க்குக்குக் கொண்டுவரவும் பெர்மிட் வேண்டும். அந்த எறும்பு ஆற்றின் இரு கரையிலும் இயல்பாக வாழ்ந்தாலும் வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் பிடித்து அங்கேயே வளர்த்தால் மட்டும் மத்திய அரசின் பெர்மிட் தேவையில்லை.

வேண்டிய விண்ணப்பத்தின் பெயர் பி.பி.க்யூ. 526 (PPQ 526). ஏஃபிஸின் இ-ஃபைல் தளத்தில் கணக்குத் தொடங்கி நிரப்பலாம். கட்டணம் இல்லை. விண்ணப்பிப்பவர் 18 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும். அமெரிக்காவுக்குள் உண்மையான வீட்டு முகவரியும் வேண்டும், தபால் பெட்டி எண் போதாது. வீட்டில் பிள்ளைதான் எறும்பு வளர்க்கிறது என்றால் அம்மாவோ அப்பாவோ தம் பெயரில் விண்ணப்பித்து, பொறுப்பையும் தாமே ஏற்க வேண்டும்.

படிவத்தில் நேரத்தைச் செலவழிக்க வேண்டிய இடங்கள் மூன்று.

முதலாவது, இனத்தின் பெயர். ‘கேம்போனோட்டஸ்’ என்று பேரினத்தை மட்டும் எழுதினால் விண்ணப்பம் நகராது. கேம்போனோட்டஸ் பென்சில்வானிக்கஸ் (கருப்பு மரத்தச்சு எறும்பு) என்று சிற்றினம் வரை எழுத வேண்டும். அடையாளம் உறுதியாகத் தெரியாவிட்டால், பக்கவாட்டிலிருந்தும் மேலிருந்தும் முகத்துக்கு நேராகவும் தெளிவான படம் எடுத்து, எறும்பு அறிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு எழுதுங்கள். இடுப்புக் கணு ஒன்றா இரண்டா என்பது படத்தில் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. விற்பவர் சொல்லும் பெயரை அப்படியே நம்பி எழுதாதீர்கள். பெர்மிட்டில் ஒரு பெயரும் பெட்டியில் வேறு எறும்பும் இருந்தால், கையில் பெர்மிட் இல்லாததற்குச் சமம்.

இரண்டாவது, எங்கே, எப்படி அடைத்து வைப்பீர்கள் என்ற கேள்வி. ‘பாதுகாப்பான பெட்டியில்’ என்று ஒரு வரி எழுதுகிறவர்கள் உண்டு. படிக்கும் அதிகாரிக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. நான் அறையிலிருந்து தொடங்கி எழுதுவேன். எந்த அறை, கதவுக்கு அடியில் இடைவெளி உண்டா, ஜன்னல் திறக்குமா என்று சொல்லிவிட்டுப் பெட்டிக்கு வருவேன். மூடி இறுக்கமானது, காற்றுத் துளைகளில் வேலைக்கார எறும்பின் தலை நுழையாத அளவுக்கு நெருக்கமான எஃகு வலை, உள்சுவரின் மேல் விளிம்பில் எறும்பு ஏற முடியாமல் வழுக்கும் ஃப்ளூயான் பூச்சு, பெட்டியைச் சுற்றி இன்னொரு பெரிய தட்டு. யாரிடம் சாவி இருக்கும் என்பதையும் சேர்ப்பேன். பெட்டியின் படத்தையும் இணைத்துவிடுங்கள். அதிகாரி கேட்கக்கூடியதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் கடிதப் போக்குவரத்து குறையும்.

மூன்றாவது, கடைசியில் எறும்புகளை என்ன செய்வீர்கள் என்பது. ‘வெளியே விட்டுவிடுவேன்’ என்பது ஒருபோதும் சரியான பதில் இல்லை. உறைபெட்டியில் வைத்து அழித்த பிறகே குப்பையில் போடுவேன் என்று எழுத வேண்டும். எழுதுவதற்கு மனம் கஷ்டப்படும். ஆனாலும் எழுத வேண்டும்.

விண்ணப்பத்தை உங்கள் மாநில வேளாண்துறையும் பார்த்துக் கருத்துச் சொல்லும். மாநிலம் வேண்டாம் என்றால் அதற்கு மரியாதை உண்டு. ஹவாய் நல்ல உதாரணம். அங்கே இயல் எறும்பே கிடையாது, இருக்கும் எல்லா எறும்பும் மனிதரோடு வந்தவை. அங்கே ராணி எறும்பு கேட்டு எழுதுவதில் பயனில்லை. மற்ற மாநிலங்களில், இரு பக்கமும் ஏற்கெனவே வாழும் இனத்தைக் கேட்பவருக்குத்தான் வாய்ப்பு அதிகம்.

அப்புறம் ஒரு நிபந்தனைப் பட்டியல் வரும். அதை வரிவரியாகப் படியுங்கள். பொதுவாக அதில் இருப்பவை: வேறு ஒருவருக்குக் கொடுக்கக் கூடாது, குறிப்பிட்ட முகவரியைவிட்டு எடுத்துப் போகக் கூடாது, அதிகாரி பார்க்க வந்தால் அனுமதிக்க வேண்டும், தப்பித்தால் உடனே தெரிவிக்க வேண்டும். இவற்றுக்குச் சம்மதம் சொன்ன பிறகுதான் பெர்மிட் கையில் வரும். அதன் பிறகுதான் விற்பவரிடம் பணம் கட்ட வேண்டும். இந்த வரிசையை மாற்றவே மாற்றாதீர்கள். பெர்மிட் வருவதற்கு வாரங்களும் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். பணம் வாங்கிய விற்பனையாளர் அத்தனை நாள் காத்திருக்க மாட்டார்.

வெளிநாட்டு எறும்பு என்றால்

இதில் நேராகச் சொல்லிவிடுகிறேன். வீட்டு அறையில் வளர்க்க வெளிநாட்டு ராணிக்குப் பெர்மிட் கிடைப்பது மிக அரிது. மிருகக்காட்சிசாலைகளும் அருங்காட்சியகங்களும் பல்கலைக்கழக ஆய்வகங்களும் இலைவெட்டி எறும்புகளை வைத்திருக்கிறார்களே என்று கேட்கலாம். அவர்களிடம் அதிகாரிகள் வந்து பார்த்து ஒப்புதல் தந்த அடைப்பறைகள் இருக்கின்றன. வெளிநாட்டுப் பூச்சிக்கு அந்த மாதிரி இடத்தைத்தான் எதிர்பார்ப்பார்கள். அப்படி ஒரு நிறுவனத்தில் நீங்கள் வேலை செய்தால் அல்லது தன்னார்வலராக இருந்தால், அவர்கள் பெயரில் கேட்பதே நடைமுறைக்கு ஒத்த வழி.

அந்த வழியில் போகும்போதும் முதல் காகிதம் அமெரிக்காவுடையது அல்ல, எறும்பு வாழும் நாட்டினுடையது. 2025 ஏப்ரலில் கென்யாவில் இரண்டு பெல்ஜிய இளைஞர்கள் ஏறத்தாழ 5,000 ராணி எறும்புகளோடு பிடிபட்டார்கள். பஞ்சு அடைத்த குழாய்களில் அவற்றை வைத்திருந்தார்கள். பலவும் மெசோர் செஃபலோட்டஸ் என்ற பெரிய அறுவடை எறும்பு. அடுத்த மாதம் நீதிமன்றம் தலைக்குப் பத்து லட்சம் கென்ய ஷில்லிங் அபராதம் அல்லது ஓராண்டுச் சிறை என்று தீர்ப்பளித்தது. யானைத் தந்தத்துக்கும் காண்டாமிருகக் கொம்புக்கும் காவல் காத்த நாடு, எறும்பையும் தன் சொத்தாகப் பார்க்கிறது. அது சரி என்றே நான் நினைக்கிறேன். விதைகளைச் சேர்த்துப் பரப்பி, மண்ணைக் கிளறி, அந்தப் புல்வெளியைத் தாங்குவதில் அந்த எறும்புக்கும் பங்கு உண்டு. ஆயிரக்கணக்கில் ராணிகளை அள்ளினால் அடுத்த ஆண்டின் கூட்டங்களை அள்ளியதாகத்தான் அர்த்தம்.

அங்கே சட்டத்தை மீறி எடுத்த உயிரை இங்கே கொண்டுவந்தால், அமெரிக்காவின் லேசி சட்டப்படி இங்கும் அது குற்றம். 1900-இல் வந்த பழைய சட்டம் அது. அதனால் ‘இங்கே யாரும் கேட்க மாட்டார்கள்’ என்ற பேச்சை நம்பாதீர்கள். விற்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த நாட்டில், எந்த இடத்தில் பிடித்தது? பிடிக்க அனுமதி யார் கொடுத்தார்கள்? ஏற்றுமதி அனுமதியின் நகல் எங்கே? மூன்றாவது கேள்வியிலேயே பாதிப் பேர் பதில் எழுதுவதை நிறுத்திவிடுவார்கள். அதுவே உங்களுக்குத் தேவையான பதில்.

இந்தியாவிலிருந்து முசுறோ, குதிக்கும் எறும்பான ஹார்பெக்னாதோஸ் சால்டேட்டரோ கொண்டுவரலாமா என்று நம்மவர்கள் கேட்பதுண்டு. லீவுக்கு ஊருக்குப் போகும்போது டப்பாவில் போட்டு வருவது பற்றி நினைக்கவே வேண்டாம். இந்தியாவில் 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டம் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ளும் தேசிய உயிரியல் பன்மய ஆணையத்தின் தலைமையகம் நம் சென்னையில், தரமணியில் இருக்கிறது. ஆய்வுக்காகவோ வணிகத்துக்காகவோ இந்திய உயிர்வளத்தைப் பெறும் வெளிநாட்டவர், வெளிநாடுவாழ் இந்தியர் இருவருமே முன்கூட்டி அதன் ஒப்புதலைப் பெற வேண்டும். ஆய்வகத்துக்காகக் கேட்பவர்கள் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அமெரிக்கா வரும் பயணிகளுக்கான சுங்கப் படிவத்தைக் கவனித்திருக்கிறீர்களா? பழம், காய், செடி, விதை, உணவு என்று கேட்கும் அதே வரியில் பூச்சிகளும் இருக்கின்றன. அங்கே ‘இல்லை’ என்று குறித்துவிட்டுப் பையில் ராணியை வைத்திருந்தால், பிரச்சினை எறும்பைத் தாண்டிப் பொய்யுரைத்தல் வரை போய்விடும். விசாவிலும் கிரீன் கார்டிலும் இருப்பவர்கள் அதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

வெளிநாட்டு எறும்புக்கு மீன்-வனவிலங்குத் துறையும் உண்டு. வனவிலங்கு இறக்குமதிக்கு 3-177 என்ற அறிவிப்புப் படிவம் இருக்கிறது, குறிப்பிட்ட துறைமுகங்கள் வழியாகத்தான் வர வேண்டும். நியூவார்க்கும் நியூயார்க்கும் அந்தப் பட்டியலில் உள்ளன. பெட்டியின் மேல் ஏஃபிஸ் அனுப்பும் லேபிளை ஒட்ட வேண்டும். அந்த லேபிளோடு பெட்டி முதலில் தாவர ஆய்வு நிலையத்துக்குப் போகும். எங்கள் பக்கத்தில் அது லிண்டனில் இருக்கிறது. அங்கே பார்த்து விடுவித்த பிறகே உங்களிடம் வரும்.

பெட்டி கட்டும் விதம்

மண் போடாதீர்கள். மண்ணுக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு, கூட்டிலிருந்து எடுத்த ஒரு பிடி மண் முழுப் பெட்டியையும் நிறுத்திவிடும். வளர்க்கும்போது ட்யூபில் தண்ணீர் நிரப்பி வைப்போமே, அனுப்பும்போது அப்படிச் செய்யக் கூடாது. குலுங்கினால் பஞ்சு நகர்ந்து ராணி மூழ்கிவிடும். ஈரப் பஞ்சு மட்டும் போதும். கூட்டம் அமைக்கும் பருவத்து ராணிகளில் பல இனங்கள் தம் உடலில் உள்ள சேமிப்பைக் கொண்டே வாழ்பவை, வழியில் தீனி தேவையில்லை. ட்யூபைக் கசியாத இன்னொரு டப்பாவில் போட்டு, அதைத் தெர்மகோல் பெட்டியில் வையுங்கள். பெர்மிட் நகல் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. திங்கட்கிழமை அனுப்பச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை அனுப்பினால் சனி, ஞாயிறு கிடங்கில் கிடக்கும். ஜூலை வெயிலிலும் ஜனவரிப் பனியிலும் அனுப்பச் சொல்லாதீர்கள். உயிருள்ள பூச்சியை ஏற்பார்களா என்று கூரியரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வதும் நல்லது.

காத்திருக்கும் நாட்களில் உங்கள் மாநிலத்து எறும்பைப் பிடித்து வளர்த்துப் பழகுங்கள். எங்கள் பகுதியில் பனி உருகியதும் முதல் இதமான மதியத்தில் ப்ரெனோலெப்பிஸ் என்ற எறும்பின் ராணிகள் பறக்கும். மே, ஜூனில் கருப்பு மரத்தச்சு எறும்பின் பெரிய ராணிகள் நடைபாதையில் இறக்கையை உதிர்த்துவிட்டு ஓடும். கோடை முடிவில் மழைக்குப் பிந்தைய மாலையில் லேசியஸ் எறும்பின் ராணிகள் வரும். தேசியப் பூங்காவில் பிடிக்காதீர்கள், அங்கே எறும்புக்கும் பாதுகாப்பு உண்டு. மரத்தச்சு எறும்பின் முதல் வேலைக்காரிகளைப் பார்த்து வளர்த்தவருக்கு, அரிசோனாவிலிருந்து எதையாவது வரவழைக்க வேண்டும் என்ற அவசரம் தானாகவே குறைந்துபோவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, வீடு மாறுபவர்களுக்கு. வேலை மாறி நியூ ஜெர்சியிலிருந்து டெக்சாஸுக்குப் போகிறீர்கள் என்றால், உங்களோடு வரும் எறும்புப் பெட்டிக்கும் மாநில எல்லை விதி பொருந்தும். நீங்களே பிடித்து, நீங்களே வளர்த்த கூட்டமாக இருந்தாலும் புதிய பெர்மிட் வேண்டும். வேலை உறுதியானதுமே விண்ணப்பித்துவிடுங்கள். பெர்மிட் வருவதற்கு முன் கிளம்ப வேண்டியிருந்தால், அது பெர்மிட்டில் வந்த கூட்டமாக இல்லாதபட்சத்தில், அதே மாநிலத்தில் எறும்பு வளர்க்கும் நண்பரிடம் கூட்டத்தை ஒப்படைத்துவிட்டுப் போங்கள்.