நின்றுபோன பழைய ஸ்கூட்டரைக் கிளப்புவது எப்படி?

மாமா வீட்டு வாசலில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு கிடந்த 109 சிசி ஆக்டிவா இப்போது என் பெயரில் இருக்கிறது, தினமும் ஓடுகிறது. பிஎஸ் 6 புகை விதி வருவதற்கு முந்தைய, கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) வைத்த வண்டி. இப்படி மலிவாகவோ சும்மாவோ கைக்கு வரும் ஸ்கூட்டரைப் பார்த்ததுமே "இன்ஜினை இறக்கணும் சார்" என்று சொல்ல ஆள் இருக்கிறார்கள். அதற்குச் சம்மதிக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். நல்லா ஓடிக்கொண்டிருந்து சும்மா நின்றுபோன வண்டி என்றால், கோளாறு பெரும்பாலும் பெட்ரோல் போகும் பாதையில்தான் இருக்கும்.

பேப்பர்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காசு கொடுக்கும் முன் அரசின் பரிவாஹன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு, ஆர்சி எதுவரை செல்லும், கடன் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். புது வண்டிக்கு ஆர்சி 15 வருஷம்; அதன்பிறகு புதுப்பித்தால் ஐந்தைந்து வருஷமாகத்தான் கிடைக்கும். சேஸிஸ் நம்பரை வண்டியிலேயே துடைத்துப் படித்து ஆர்சியோடு ஒப்பிடுங்கள். பெயர் மாற்ற ஃபாரம் 29, 30. கடன் ஏறியிருந்தால் பேங்க் கடிதமும் ஃபாரம் 35-ம் வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்டிஓவில் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாள்தான். பலரும் மறப்பது இதைத்தான். விற்றவரின் நோ கிளைம் போனஸ் (கிளைம் கேட்காததற்குக் கிடைக்கும் பிரீமியம் தள்ளுபடி) உங்களுக்கு வராது, அதைக் காட்டி விலை ஏற்றினால் நம்பாதீர்கள்.

சாவியைத் திருப்பாதீர்கள்

முதல் வேலை ஆயில். வண்டியைச் சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கைக் கழற்றி, துணியால் துடைத்து, திரும்ப நுழையுங்கள். மரையைத் திருகாமல் சும்மா உட்கார வைத்து எடுத்துப் பார்க்க வேண்டும். திருகி எடுத்தால் குச்சி கூடுதல் ஆழம் போய், ஆயில் இருப்பதைவிட அதிகமாகத் தெரியும்.

அளவு பார்த்ததும் குச்சியை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். ஆயில் வாசனை மட்டும் வந்தால் சரி. பெட்ரோல் நெடி அடித்தாலோ, ஆயில் தண்ணீராக ஒழுகினாலோ, அளவு மேல் கோட்டைத் தாண்டியிருந்தாலோ கிக்கரைத் தொடவே தொடாதீர்கள். பெட்ரோல் இன்ஜினுக்குள் இறங்கியிருக்கிறது. காரணம் கீழே வருகிறது.

எப்படியிருந்தாலும் பழைய ஆயிலை இறக்கிவிட்டுப் புதுசு ஊற்றுங்கள். ஸ்கூட்டருக்கான 10டபிள்யூ-30 (ஆயிலின் கெட்டித்தன்மைக் குறி), பாட்டிலில் ஜாசோ எம்பி என்ற தரக் குறி இருக்க வேண்டும். எம்ஏ என்றிருப்பது கிளட்ச் ஆயிலுக்குள் முங்கி ஓடும் பைக்குகளுக்கானது. ஸ்கூட்டரில் கிளட்ச் வெளியே பெல்ட் பக்கம் காய்ந்துதான் இருக்கும். கடைக்காரர் பைக் ஆயிலை நீட்டி "எல்லாம் ஒண்ணுதான்" என்றால் வேறு கடைக்குப் போங்கள். 800 மி.லி. பாட்டில் கிடைக்கும், முழுசையும் கவிழ்க்காதீர்கள். மாடலைப் பொறுத்து 650 முதல் 700 மி.லி. வரைதான் பிடிக்கும். மிச்சத்தைக் குச்சி பார்த்து முடிவு செய்யுங்கள்.

பெட்ரோல்: என்னை உட்கார வைத்த இடம்

டேங்கில் கிடந்த பழைய பெட்ரோலை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். வாய் வைத்து உறிஞ்ச வேண்டாம், பிளாஸ்டிக் கைப்பம்பு ஒன்று வாங்குங்கள். இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும். மழைக்காலம் முழுக்க நின்ற வண்டியில், பாட்டிலைக் கொஞ்ச நேரம் அசையாமல் வைத்தால் தண்ணீரும் எத்தனாலும் அடியில் தனி அடுக்காகப் பிரிந்து நிற்பதைப் பார்க்கலாம். வார்னிஷ் வாடை வந்தாலும் ஆகாது. மொத்தத்தையும் எடுத்துவிட்டு ஒரு லிட்டர் புது பெட்ரோல் ஊற்றுங்கள்.

அடுத்து டிக்கியைக் கழற்ற வேண்டும். சீட்டுக்குக் கீழே உள்ள அந்தப் பெட்டியின் போல்ட்டுகளுக்குப் பத்தாம் நம்பர் டி-ஸ்பானர் போதும். கார்புரேட்டர் தெரியும். அதன் அடியில் ஒரு டிரெயின் ஸ்க்ரூவும் சின்ன ஹோஸும் இருக்கும். ஹோஸை பாட்டிலுக்குள் விட்டு ஸ்க்ரூவைத் தளர்த்தினால் கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தில் தேங்கிய பெட்ரோல் இறங்கிவிடும். பிறகு இறுக்கிவிடுங்கள்.

இப்போது கிக் அடித்தால் கிளம்ப வேண்டுமே? கிளம்பாது. மறுபடி மறுபடி அடித்தாலும் கால்தான் வலிக்கும். செல்ப் போட்டால் பேட்டரி இறங்கும். புது பெட்ரோல், புது பிளக், ஸ்பார்க்கும் வருகிறது, ஆனால் பிளக்கைக் கழற்றினால் முனை காய்ந்து கிடக்கிறது. கார்புரேட்டருக்குப் பெட்ரோலே வரவில்லை.

இந்த வண்டியில் பெட்ரோலைத் திறந்து மூட ஆன், ரிசர்வ் என்று கையால் திருப்புகிற டேப் கிடையாது. ஆட்டோ டேப் ஒன்று இருக்கிறது, அதற்குள் ரப்பர் சவ்வு. இன்ஜின் சுற்றும்போது உள்ளிழுக்கும் காற்றின் உறிஞ்சல், மெல்லிய ஹோஸ் வழியாக வந்து அந்தச் சவ்வை இழுக்கும். அப்போதுதான் பெட்ரோல் இறங்கும். கிண்ணம் காலியாக இருந்தால் இன்ஜின் ஓடாது, இன்ஜின் ஓடாவிட்டால் கிண்ணம் நிறையாது. பெட்ரோல் தீர்ந்து வழியில் நின்ற ஸ்கூட்டர், பெட்ரோல் ஊற்றிய பிறகும் அடம்பிடிப்பது இதனால்தான்.

மெடிக்கல் ஷாப்பில் 20 மி.லி. சிரிஞ்ச் ஒன்று வாங்குங்கள், ஊசி வேண்டாம். இன்ஜின் பக்கமிருந்து டேப்புக்குப் போகும் மெல்லிய ஹோஸை இன்ஜின் முனையில் உருவி, சிரிஞ்சைச் செருகி, அதன் தண்டைப் பின்னால் இழுத்துப் பிடியுங்கள். கை வழியாகவே ஒரு பிடிப்பு தெரியும். கொஞ்ச நேரம் பிடித்திருந்தால் பெட்ரோல் இறங்கிக் கிண்ணம் நிறையும். ஹோஸைப் பழையபடி மாட்டி, சோக் (குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோல் கலவையைக் கெட்டியாக்கும் லீவர்) போட்டு கிக் அடியுங்கள். என் வண்டி புகையைக் கக்கிக்கொண்டு உயிர் பிடித்தது இதற்குப் பிறகுதான்.

சிரிஞ்ச் இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். இழுக்கும்போது பிடிப்பே இல்லாமல் காற்றாக வந்தால் சவ்வு கிழிந்திருக்கிறது, அல்லது ஹோஸ் வெடித்திருக்கிறது. சிரிஞ்சுக்குள் பெட்ரோல் வந்தால் சந்தேகமே வேண்டாம், சவ்வு போய்விட்டது. குச்சியில் பெட்ரோல் நெடி அடித்த வண்டியில் முதலில் பார்க்க வேண்டியதும் இதைத்தான், பெட்ரோல் இந்த ஹோஸ் வழியாகவே இன்ஜினுக்குள் போயிருக்கும். ஆட்டோ டேப்பை மாற்றிவிட்டு ஆயிலையும் மாற்றுங்கள்.

சோக்கில் ஓடுகிறது, சோக்கை எடுத்தால் அணைந்துவிடுகிறது என்றால் பைலட் ஜெட்டில் (கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய பெட்ரோல் துளை) அடைப்பு. கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயால் அடித்துச் சுத்தம் செய்யுங்கள். ஊசி, குண்டூசி எதையும் உள்ளே விடாதீர்கள். துளை கொஞ்சம் பெரிதானாலும் அந்த ஜெட் வீண்.

பெட்ரோல் திறந்து கிடக்கும் வேலை இது. வெளியில் காற்றோட்டமாகச் செய்யுங்கள். ஸ்பார்க் பார்ப்பதையும் பெட்ரோல் வடிப்பதையும் ஒரே நேரத்தில் செய்யாதீர்கள்.

மற்றவை

ஏர் ஃபில்டர் எண்ணெய் ஊறிய பேப்பர். காற்றடித்துச் சுத்தம் செய்து திரும்பப் போடுகிற வேலை வேண்டாம், புதுசு வாங்குங்கள். பெட்டியைத் திறந்தால் எலிக்கூடு இருக்கலாம். சைலன்சர் வாயில் குளவி மண் பூசியிருக்கலாம், டார்ச் அடித்துப் பாருங்கள்.

டயரில் பட்டன் ஆழத்தைவிட வயசு முக்கியம். பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். நின்றே கிடந்து பக்கவாட்டில் வெடிப்பு விட்டிருந்தால் மாற்றிவிடுங்கள். காற்று முன்னால் 22 பிஎஸ்ஐ, பின்னால் ஒருவர் என்றால் 29, இருவர் என்றால் 36. பெட்ரோல் பங்கில் அவர்கள் இஷ்டத்துக்கு நிரப்புவார்கள். சொந்தமாக ஒரு கேஜ் வைத்துக்கொள்ளுங்கள், என் சிபாரிசு டயல் வைத்ததுதான்.

முதல் ஓட்டம்

பிரேக்கைப் பிடித்தால்தான் செல்ப் வேலை செய்யும், அது பழுதல்ல. சென்டர் ஸ்டாண்டில் பின் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்போது வண்டியை இறக்கினால் பாய்ந்துவிடும். பிரேக்கைப் பிடித்துக்கொண்டு இறக்குங்கள். இன்ஜின் ஓடும்போது பக்கத்தில் நின்று வண்டியைத் தள்ளவே கூடாது. தடுமாறினால் கை தானாக ஆக்சிலேட்டரைத்தான் இறுக்கும். பழைய மாடல்களில் சைடு ஸ்டாண்டு போட்டிருந்தாலும் இன்ஜின் ஓடும், கிளம்பும் முன் காலால் ஒருமுறை தடவிப் பாருங்கள். பத்து இன்ச் சக்கரம் என்பதால் பைக் தாண்டும் பள்ளத்தில் இது விழும்.

பின்சேர்க்கை

பிஎஸ் 6 வண்டிக்கும் சிரிஞ்ச் வித்தை செல்லுமா என்று கேட்டிருந்தார்கள். செல்லாது. அதில் கார்புரேட்டரே இல்லை, பெட்ரோலைத் தள்ளுவது மின்சாரப் பம்பு. சாவியைத் திருப்பியதும் பம்பு உறுமும் சத்தம் கேட்காவிட்டால் முதலில் பேட்டரியைச் சார்ஜ் போடுங்கள். பேட்டரி அடியோடு செத்திருந்தால் கிக்கரும் உதவாது.

இன்னொருவர், 16 வயசுப் பையனுக்கு இந்த வண்டியைக் கொடுக்கலாமா, கியர் இல்லையே என்றார். 16 வயசு லைசென்ஸ் 50 சிசி வரைதான். ஆக்டிவா 109, ஸ்கூட்டி பெப் பிளஸ்கூட 87.8. பிடிபட்டால் வழக்கு பெற்றோர் மேல் அல்லது வண்டி உரிமையாளர் மேல்: 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருஷம் வரை சிறை, ஆர்சியும் ஒரு வருஷத்துக்கு ரத்து.